தலையை அளக்க வருகிறவர்கள்

(அம்பத்தூரில் மாணவர்களும் தொழிற்பேட்டைத் தோழர்களும் கூடிய ஞாயிறு மாலை வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மன்னிக்கணும், இன்னைக்குக் கவிதை இல்லை. மூளை பற்றிப் பேசப் போறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படிச்சு பேங்க்குல கிளார்க்கா இருக்கிறவன். ஆனா என் தலையில ஒரு பட்டையை மாட்டி, என் மூளை கூட்டு வேலைக்கு லாயக்கா இல்லையான்னு ஒருத்தர் அளந்தார். அளக்கப்பட்டவன் என்கிற தகுதியில் பேசுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஹாலில் எங்களுக்குக் 'குழு உணர்வு' பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் நான்கு தலைப்பட்டைகள் கொண்டு வந்திருந்தார். நெற்றியில் ஒட்டுகிற மாதிரி உலோகப் புள்ளிகள், காதுக்குப் பின்னால் ஒரு பிடி. நான்கு பேர் மாட்டிக்கொண்டு காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்ட வேண்டும். திரையில் நான்கு நிறத்தில் நான்கு கோடுகள் ஓடும். கோடுகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நல்ல டீம்.

என் கோடு வரவே இல்லை. "எண்ணெய் தடவியிருக்கீங்களா சார்?" என்றார். காலையில் எங்கம்மா தடவி விட்ட தேங்காய் எண்ணெய். பஞ்சால் துடைத்தார். "முடியும் ரொம்ப அடர்த்தி" என்றார். கடைசியில் எப்படியோ கோடு வந்தது. ஆனால் மற்ற மூன்றோடு சேரவில்லை. எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவர் மட்டும் இன்னும் டீமுக்குள்ள வரலை."

மதியம் சாப்பாடு. என்னோடு கோபுரம் கட்டிய மூவரும் 'சைவ மேஜை'க்குப் போனார்கள். நான் கொண்டு போனதும் புளிசாதம்தான். ஆனாலும் அந்த மேஜையில் எனக்கு நாற்காலி இருக்காது என்று பல வருஷமாகத் தெரியும். அதனால் நானே வேறு மேஜைக்குப் போய்விட்டேன். அந்த மேஜைக்கு யாரும் பட்டை மாட்டிப் பார்க்கவில்லை.

அன்று இரவு பட்டரவாக்கத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ஒரு கேள்வி வந்தது. இந்தக் கருவி சொல்வது பொய்யா? அல்லது உண்மையைச் சொல்லி, தப்பான ஆளைக் குற்றவாளி ஆக்குகிறதா? அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விஞ்ஞானத்தை ஏளனம் செய்வது நம் வேலை இல்லை. படிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள் நாம். இருக்கிற விஞ்ஞானத்தைத் தூக்கி எறிகிற சொகுசு நமக்குக் கிடையாது.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போது சின்னச் சின்ன மின்னழுத்த மாற்றம் உண்டாகிறது. மண்டைத் தோலின் மேல் மின்முனை வைத்தால் அதைப் பிடிக்கலாம். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனித மூளையிலிருந்து இதைப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். அதுதான் இ.இ.ஜி. எவ்வளவு சின்ன மின்சாரம் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தில் போடுகிற செல் ஒன்றரை வோல்ட். அதை லட்சம் பங்காகப் பிரித்தால் வருகிற ஒரு சில பங்கு. கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் அதைவிடப் பெரிய மின்னலை வரும். இன்னொரு முறை, நெற்றி வழியாக அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியை அனுப்பி, மூளையின் மேல்பகுதியில் ரத்தத்தின் ஆக்சிஜன் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது.

இதையே ஒரே நேரத்தில் பலருக்குச் செய்து, தலைகளுக்கு இடையே ஒத்திசைவு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 12 மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க வகுப்பறையிலேயே இ.இ.ஜி. மாட்டினார்கள். பாடத்தில் ஈடுபாடு கூடும்போது ஒத்திசைவும் கூடியது. இன்னொன்றும் கண்டார்கள். வகுப்பு தொடங்கும் முன் யாரோடு நேருக்கு நேர் முகம் பார்த்து உட்கார்ந்தார்களோ, அந்த ஆளோடு வகுப்பிலும் ஒத்திசைவு கூடுதலாக இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்ப்பது. திரும்ப வருகிறேன்.

அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்தப் பயிலும் குழுக்களுக்கு இ.இ.ஜி. மாட்டி, நெருக்கடி வரும்போது குழுவின் மூளை அலைகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில் நான்கு நான்கு பேராகச் சேர்த்துப் புதிர்களைக் கொடுத்தார்கள். "நாங்க ஒரே டீம்" என்று அவர்கள் வாயால் சொன்னதை வைத்து, எந்தக் குழு நன்றாகச் செய்யும் என்று கணிக்க முடியவில்லை. மூளைகளின் ஒத்திசைவை வைத்து ஓரளவு கணிக்க முடிந்தது. இது சும்மா தள்ளிவிடக்கூடிய முடிவு இல்லை.

ஆக, ஏதோ இருக்கிறது. ஆனால் அது என்ன? 2004இல் ஒரு பரிசோதனை. சிலரைத் தனித்தனியாக ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஒரு கௌபாய் படத்தின் அரைமணி நேரத்தைக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் மூளையின் பெரிய பகுதிகள் ஒரே மாதிரி ஏறி இறங்கின. ஒரே காட்சியைப் பார்த்தால், ஒரே சத்தத்தைக் கேட்டால் அலைகள் ஒத்துப்போகும். கோடு ஒத்துப்போவது அன்பினாலா, புரிதலினாலா, ஒரே சத்தத்தினாலா, ஒரே பயத்தினாலா என்று கோடு சொல்லாது. மேனேஜர் உள்ளே நுழைந்தால் எங்கள் கிளையில் எல்லார் மூளையும் ஒத்திசையும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, என் எண்ணெய்த் தலைக்கு வருகிறேன். அன்றைக்கு என் தலைதான் கோளாறு என்று நினைத்தேன். இல்லை தோழர்களே. சுருட்டையான, அடர்த்தியான முடியில் இ.இ.ஜி. மின்முனை சரியாக ஒட்டாது. அதனாலேயே அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆய்விலிருந்து கழித்து விடப்பட்டார்கள். அர்னெல் எட்டியன் என்ற கறுப்பினப் பெண், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, சடையாகப் பின்னிய முடிக்கு இடையே பொருந்துகிற கிளிப்புகளை உருவாக்கினார். ஒளியால் அளக்கிற கருவியிலும் இதே கதை. கருத்த தோலும் கருத்த முடியும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், சிக்னல் குறையும். 'பொதுவான மனித மூளை' என்று வரையப்படுகிற படத்தில் யார் தலை உட்கார்ந்திருக்கிறது, யார் தலை கழிக்கப்பட்டிருக்கிறது? கருவிக்குத் தெரியாத தலையை, டீமுக்குள் வராத தலை என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. எழும்பூர் மியூசியத்துக்கு எத்தனை பேர் போயிருக்கீங்க? அங்கே 1885இலிருந்து கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். நம் சனங்களை நிற்க வைத்து, தலையின் நீளம், மூக்கின் அகலம் என்று இடுக்கிக் கருவியால் அளந்தவர். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி இன்னும் ஒரு படி போனார். மூக்கு அகலமாக ஆக, சமூகப் படிநிலை கீழே போகிறது என்று 'நிறுவினார்'. மனு எழுதினதை இடுக்கியை வைத்து மறுபடி எழுதினார்கள். அளவை தப்பு என்று சொல்ல மாட்டேன். மூக்கு அத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கலாம். அந்த மில்லிமீட்டருக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்தது யார் என்பதுதான் கேள்வி. இன்றைக்கு இடுக்கியின் இடத்தில் மின்முனை. தலை அதே தலை.

அதிகாரம் மூளைக்குள் கை விடுவதும் இங்கே நடந்திருக்கிறது. போலீஸ் விசாரணையில் பொய் கண்டறியும் கருவி, மயக்க ஊசி, மூளை வரைபடச் சோதனை என்று நம் நாட்டில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில், மூளை மின்னலைச் சோதனையின் முடிவையும் சான்றாக வைத்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பிறகு 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விருப்பமில்லாத ஒருவர் மேல் இந்த மூன்று சோதனைகளையும் செய்யக் கூடாது. அது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வைக்கக் கூடாது என்ற 20(3) பிரிவுக்கும், 21ஆம் பிரிவு தரும் தனிமனித உரிமைக்கும் விரோதம். தீர்ப்பை எழுதிய அமர்வின் தலைவர் கே.ஜி. பாலகிருஷ்ணன், இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி. மனசுக்குள் ஒரு கதவு உண்டு, அதைத் தட்டாமல் அரசு நுழையக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் பாருங்கள், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இருக்கிற அந்தக் கதவு, வேலைக்குப் போகிறவனுக்கு இருக்கிறதா? தானாக ஒப்புக்கொண்டால் சோதனை செய்யலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் அன்றைக்கு ஒப்புக்கொண்டுதான் பட்டையை மாட்டினேன். "வேணாம்" என்று சொல்லியிருந்தால்? 'ஒத்துழைக்காதவர்' என்று ஆகியிருக்கும். ஏற்கெனவே 'கோட்டாவில் வந்தவர்' என்ற பட்டம் முதுகில் ஒட்டியிருக்கிறவன், இன்னொரு பட்டத்தை வாங்க யோசிப்பான். இந்த ஒப்புதலுக்கு என்ன பெயர்? 2023இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டமும், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவர் தகவலைக் கையாள முதலாளிக்கு இடம் விட்டிருக்கிறது. மூளை அலையும் தகவல்தானே?

வெளியே பாருங்கள். சீனாவில் ஆலைத் தொழிலாளர்களின் தொப்பிக்குள் மூளை அலை உணரிகளை வைத்துக் கண்காணிப்பதாக 2018இல் செய்தி வந்தது. 2019இல் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்குப் 'கவனப் பட்டை' மாட்டியது வெளியே தெரிந்து, பெற்றோரும் மற்றவரும் கொதித்ததால் நிறுத்தினார்கள். சிலி நாட்டில் 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் பாதுகாக்க அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலைப்பட்டை விற்ற ஒரு நிறுவனம் தான் சேர்த்த ஒருவரின் மூளைத் தகவலை அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, செய்யலாம். முடியாதது ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஒத்திசைவு என்பது நல்லது என்று யார் சொன்னது?

2020இல் சீன, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஒன்று வெளியிட்டார்கள். 546 பேரை மூன்று மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்குக் குழு மோதுகிற 91 போட்டிகள் வைத்தார்கள். எல்லாம் காசை வைத்து ஆடுகிற ஆட்டம். சில குழுக்களுக்கு முன்கூட்டியே 'நாம் ஒன்று' என்ற பிணைப்பை ஏற்றினார்கள். அப்படிப் பிணைக்கப்பட்டவர்கள் அடுத்த குழுவைத் தாக்கும்போது, குழுவுக்குள் மூளையின் முன்பகுதி ஒத்திசைவு கூடியது. ஒத்திசைவு கூடக்கூட அடுத்தவர் மேல் பகையும் கூடுதல்.

இதைச் சொல்ல நமக்கு ஆய்வகம் வேண்டுமா? சேரிக்குள் தீப்பந்தம் எடுத்து வருகிற கூட்டத்தில் எத்தனை அருமையான டீம் ஒர்க்! யார் முன்னால், யார் பின்னால், யார் தண்ணீர்க் குழாயை உடைக்க, யார் போலீசுக்குச் சொல்ல என்று ஒருத்தரும் பேசிக்கொள்ளாமலே நடக்கும். பட்டையை மாட்டினால் நூற்றுக்கு நூறு வரும். ஊர் ஒத்திசைகிறது என்றால் சேரி எரிகிறது என்று அர்த்தம் ஆன வரலாறு நம்முடையது. அந்தக் கோட்டோடு சேராமல் ஒரு கோடு தனியாகப் போனால் அதுதான் மனுசன்.

சென்னையின் தொழிலாளர் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலை வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. 'ஒற்றுமையைக் குலைத்தவர்கள்' என்று நம்மைத்தான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய நாள் வரைக்கும் அந்த ஒற்றுமைக்குள் நம்முடைய இடம் எது, சேரியில் பசியைத் தாங்கக் கையிருப்பு இருந்ததா, நம்மைக் கேட்டு முடிவெடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. வேலைநிறுத்தத்தை முறித்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எப்போதோ முறிந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள் என்று சொல்ல வருகிறேன்.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகளை விடமாட்டார்கள். நல்ல சம்பளம் அங்கேதான். காரணம் தெரியுமா? அறுந்த நூலை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அடுத்தவர் வாய் வைத்த நாடாவில் வாய் வைக்க வேண்டும். தலித்தின் எச்சில் தீட்டாயிற்றே! 1928இல் அங்கே வேலைநிறுத்தம் வந்தபோது, கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர் என்று அம்பேத்கர் கேட்டார். பிறகு 1936இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது இதன் வேரைக் காட்டினார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற ஆட்களையே மேல் கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது அவர் வாதம். கூட்டு வேலை பற்றி இந்த மண்ணில் எழுதப்பட்ட ஆகப் பெரிய ஆய்வு அதுதான். அதற்கு மின்முனை தேவைப்படவில்லை.

எங்கப்பா கதையைச் சொல்லி விடுகிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

எங்கப்பா இந்தப் பேட்டையில்தான் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் இருந்தார். ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் தகடு வைப்பார், ஒருத்தர் வெட்டின துண்டை எடுப்பார். ரெண்டு பேரும் ரெண்டு கையாலும் பொத்தானை அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். நான்கு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அதுதான் அதன் அறிவு. ஆனால் அப்படிச் செய்தால் எண்ணிக்கை குறையும். அதனால் எங்கப்பா பக்கத்துப் பொத்தான்களைக் கம்பி சுற்றி அமுக்கியே கட்டி வைத்துவிட்டார்கள். எதிரே இருந்தவர் அமுக்கினால் போதும், இறங்கும்.

ரெண்டு பேரும் பதினோரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். எதிரே இருந்தவர் வேற சாதி. ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சு என்று எங்கம்மா சொல்லும். அன்றைக்கு ரெண்டாவது ஷிப்ட் முடிகிற நேரம். ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. எடுக்கக் கை விட்டார். வலது கையில் இரண்டு விரல் போனது. எதிரே இருந்தவர் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார், எங்க வீட்டுத் தண்ணியை வாங்கிக் குடித்தார். பட்டறைக் காகிதத்தில் என்ன எழுதினார்கள்? 'தொழிலாளியின் கவனக்குறைவு.' கம்பியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

தோழர்களே, நான் பயப்படுவது இதற்குத்தான். அன்றைக்கு எங்கப்பா தலையில் ஒரு பட்டை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து மணி நேரம் நின்ற ஆளின் கோடு இறங்கித்தான் இருக்கும். 'கவனக்குறைவு' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒரு வரைபடம் கிடைத்திருக்கும். கம்பியைக் கட்டின கை தப்பித்திருக்கும், விஞ்ஞானச் சான்றோடு. கருவி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை முதலாளி முடிவு செய்தால் போதும். கேமரா தொழிலாளியின் மண்டைக்குள் திரும்பினால், பிரஸ்ஸின் பொத்தான் இருட்டில் போய்விடும்.

மலக்குழிக்குள் இறங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மேலே ஒருவர் கயிறு பிடிக்க, கீழே ஒருவர். கயிறு ஒருமுறை அசைந்தால் என்ன, இருமுறை அசைந்தால் என்ன என்று பேசாமலே புரிந்துகொள்கிற உறவு அது. பல நேரம் அண்ணன் தம்பி. கீழே இருப்பவன் விஷவாயுவில் சாய்ந்தால் மேலே இருப்பவன் யோசிக்காமல் குதிக்கிறான். ரெண்டு பேரும் போகிறார்கள். இதைவிட ஒத்திசைந்த டீம் உலகத்தில் உண்டா? அங்கே குறைவது ஒத்திசைவு இல்லை. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் இறப்புக்கு 10 லட்சம் என்றும், 2023இல் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறங்குவது நிற்கவில்லை. அந்தக் குழியில் யார் இறங்குவது என்பதை மூளை தீர்மானிக்கவில்லை, பிறப்பு தீர்மானிக்கிறது.

கூட்டு வேலை மூளைக்குள் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை என்பதற்கு நம்ம ஆவடியே சாட்சி. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் செய்கிற அர்ஜுன் டாங்கிக்குள் நான்கு பேர்: தலைவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுபவர். அதே ஆவடியில் செய்கிற டி-90இல் மூன்று பேர்தான். குண்டு நிரப்புவதை இயந்திரமே செய்கிறது. யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரைப் பார்க்க முடியும், யாருக்கு வேலை உண்டு யாருக்கு இல்லை என்பதை இரும்பை வளைக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். இருக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, உட்கார்ந்தவன் மூளையைத் திருத்துகிறேன் என்பது வேடிக்கை.

எங்கள் பேங்க்கில் பணப்பெட்டகம் இருக்கிறது. அதற்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒரு சாவி என்னிடம். இன்னொன்று சைவ மேஜைக்காரரிடம். காலையில் இருவரும் சேர்ந்து நின்று, ஆளுக்கொரு சாவியைத் திருகினால்தான் திறக்கும். என் கை வைக்காமல் அந்தக் கிளையில் ஒரு ரூபாய் வெளியே வராது. எங்கள் இருவர் மூளையும் ஒத்திசைகிறதா என்று பெட்டகம் கேட்பதில்லை. நம்புகிறீர்களா என்றும் கேட்பதில்லை. விதி இருக்கிறது, சாவி பங்கிடப்பட்டிருக்கிறது. இந்த நாட்டில் நான் பார்த்த ஆக நேர்மையான கூட்டு வேலை அதுதான். மனசு மாறட்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். சாவியைப் பங்கிடு, மனசு மாறுகிறபோது மாறட்டும் என்கிறோம் நாம். பிரதிநிதித்துவம் என்று நாம் கேட்பதும் இந்த இரண்டாவது சாவியைத்தான்.

அளக்கவே கூடாதா? அளக்கலாம். 2010இல் அமெரிக்காவில் 699 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். குழுவில் இருந்த தனி ஆட்களின் புத்திக்கூர்மைக்கும் குழு ஜெயிப்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. எது தொடர்பு? அடுத்தவர் முகம் பார்த்து உணர்வைப் புரிந்துகொள்கிற திறன். எல்லாரும் ஏறத்தாழச் சமமாகப் பேசுவது. குழுவில் பெண்கள் கூடுதலாக இருப்பது. ஒருத்தரே பேசிக்கொண்டிருந்த குழு தோற்றது. இதற்குத் தலைப்பட்டை வேண்டாம். ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்.

அப்படியானால் நாம் அளப்போம். இங்கே கல்லூரித் தம்பி தங்கைகள் இருக்கீங்க, பேட்டைத் தோழர்கள் இருக்கீங்க. உங்க கம்பெனியில், வகுப்பில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள்? யார் பேசும்போது குறுக்கே விழுந்தார்கள்? யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யாரை 'ஏய்' என்கிறார்கள்? யார் எந்த மேஜையில் சாப்பிடுகிறார்கள்? ஆபத்தான இடத்தில் யார் நிற்கிறார்கள்? தப்பு நடந்தால் யார் பெயர் காகிதத்தில் ஏறுகிறது? இதை வரைபடமாகப் போடுங்கள். எந்த மூளை அலையும் காட்டாததை அது காட்டும்.

நாளைக்கு உங்கள் தலைக்கும் பட்டை வரும். வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். மறுத்தால் எனக்கு என்ன ஆகும்? தகவல் யாரிடம் போகும், எப்போது அழியும்? இந்தக் கருவியை எங்க சனங்க தலையில் சோதித்தீர்களா? மேனேஜர் தலையிலும் மாட்டுவீர்களா? இதற்கு எழுத்தில் பதில் வராமல் மாட்டாதீர்கள். தனியாகக் கேட்டால் 'ஒத்துழைக்காதவன்' ஆகிவிடுவோம். சங்கமாகக் கேளுங்கள். உங்களில் சிலர் இந்த ஆய்வகங்களுக்குள்ளேயே போக வேண்டும். மின்முனை வைக்கிற கையும் நம்முடையதாக இருக்க வேண்டும். அளக்கப்படுகிறவர்களாக மட்டுமே நாம் இருந்தது போதும்.

கடைசியாக ஒன்று. கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, நான் பேச ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகிறது. எனக்கு முன்னால் பேசிய மூவரும் ஆண்கள். இந்தக் கூட்டத்தில் பெண்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள்; இதுவரை ஒருவரும் பேசவில்லை. இரண்டு பேர் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டு வந்தார்கள், நாமும் வாங்கிக் குடித்தோம். சைவ மேஜையைப் பற்றி அரைமணி நேரம் பேசினவன் கையிலும் அந்த டம்ளர் இருக்கிறது. எங்களுக்குள்ளும் அந்தக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது தோழர்களே.

எனவே நான் உட்காருகிறேன். டம்ளர்களை நான் கழுவுகிறேன். அடுத்து அவர்கள் பேசட்டும்.